‘ஆளில்லாத் தீவு’: திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசிப்பு

வாரப் பத்திரிகைகளில் வரும் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொற்றொடர் பழகிப்போயிருக்கும்: ‘மனிதக் காலடி படாத தீவு’. எழுதுகிறவர் அந்தத் தீவில் காலை வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறார் என்பது யாருக்கும் உறுத்துவதில்லை. அவரை இறக்கிவிட்ட படகை ஓட்டினவர், கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர், ‘இங்கே கல்லு இருக்கு, பாத்து வாங்க’ என்று எச்சரித்தவர், இவர்களுடைய காலடிகள் எல்லாம் கணக்கில் சேராது போலிருக்கிறது. ‘மனிதன்’ என்கிற சொல் இந்த வாக்கியத்தில் யாரைக் குறிக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. சுற்றுலா போவது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. நானும் போய்விட்டு வந்தவன்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வகைக் கட்டுரைகளுக்கென்று ஒரு இலக்கணம் உருவாகிவிட்டது. முதலில் தூரம் வரும். ரயில், பேருந்து, படகு என்று அடுக்கி, ஊரிலிருந்து எவ்வளவு விலகி வந்துவிட்டோம் என்பதை நிறுவ வேண்டும். அடுத்தது வெறுமை. அங்கே கடை இல்லை, சத்தம் இல்லை, செல்போன் எடுக்கவில்லை. பிறகு ஒரு பறவையோ ஆமையோ வந்து காட்சி தரும். முடிவில் இயற்கை அன்னைக்கு ஒரு நன்றி. இந்த நாலு கட்டத்துக்குள் தொழில் என்கிற ஒன்று, அதாவது அந்த இடத்தை நம்பிச் சோறு தின்கிற ஒருத்தருடைய உழைப்பு, எந்த இடத்திலும் நுழைய முடியாது. நுழைந்தால் வெறுமை கலைந்துவிடும். கதையாடலே விழுந்துவிடும்.

இதற்கு மூலப்பிரதி எது என்று தேடிக்கொண்டு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. டேனியல் டீஃபோவின் ராபின்சன் குரூசோ 1719இல் வெளிவந்தது. நம்மில் பலர் அதைப் பள்ளிக்கூடத் துணைப்பாடத்தில் சுருக்கமாக வாசித்திருப்போம். மணலில் பதிந்திருக்கும் ஒரேயொரு காலடித் தடத்தைப் பார்த்து குரூசோ நடுங்கிப்போகிற இடம் யாருக்கும் மறக்காது. அவன் ஏன் நடுங்க வேண்டும்? வருஷக்கணக்காகத் ‘தன்னுடையது’ என்று அவன் வேலி போட்டு ஆண்டுகொண்டிருந்த தீவுக்குப் பக்கத்துக் கரை ஆட்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிறகு அகப்பட்டவனுக்கு ஃப்ரைடே என்று பெயர் வைக்கிறான். அவனுக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்கும் என்கிற எண்ணமே எழுவதில்லை. 1986இல் ஜே.எம்.கூட்ஸி இதே கதையைத் திருப்பி எழுதிய ‘ஃபோ’வில் ஃப்ரைடேக்கு நாக்கு இல்லை, அவன் கதையை அவன் வாயால் கேட்க முடியாது. கூட்ஸியின் நாவல் வெளியான அதே 1986இல்தான் நமக்குப் பக்கத்துக் கடலில் 21 தீவுகள் அரசாணையால் ‘ஆளில்லாத்’ தீவுகள் ஆயின. தற்செயல்தான், ஆனாலும் குறித்துவைக்கலாம்.

மன்னார் வளைகுடாவைச் சொல்கிறேன். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் கரையை ஒட்டி மாலை மாதிரிக் கிடக்கிற சின்னச் சின்னப் பவளத் தீவுகள். மண்டபம் பக்கம் 7, கீழக்கரைப் பக்கம் 7, வேம்பார்ப் பக்கம் 3, தூத்துக்குடிப் பக்கம் 4. 1986இல் இவற்றையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989இல் இதை உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டருக்கு உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. கடற்புல், கடல் பசு (கரையில் ஆவுளியா என்கிறார்கள்), ஆமை, கடல் குதிரை, நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள் என்று இதன் உயிர்ச்செல்வம் பற்றி எழுத எவ்வளவோ உண்டு. அதை எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்குத் தீவுகளின் பெயர்கள்தான் முதல் பிரதி. நல்லதண்ணித் தீவு. உப்புத்தண்ணித் தீவு. இந்த இரண்டு பெயர்களை வைத்தவர் யாராக இருக்கும்? ஒன்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்துப் பார்த்து, இன்னொன்றில் தோண்டிக் குடித்து முகம் சுளித்து, அடுத்து வருகிறவனுக்குச் சொல்லிவிட்டுப் போனவன். கரைக்கு வர முடியாமல் தங்கிச் சமைத்துச் சாப்பிட வேண்டியிருந்தவன். காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, புலுவினிச்சல்லி என்பவற்றிலெல்லாம் அலை உடைத்துப் போட்ட பவளச் சல்லி காலில் குத்துகிறது. ஆனைப்பார் என்பதில் பாறை அடியில் கிடக்கிறது. வள்ளம் தட்டிவிடும், விலகிப் போ என்கிற எச்சரிக்கை அந்தப் ‘பார்’ என்ற சொல்லில் இருக்கிறது. முசல் தீவு, வாலைத் தீவு, முள்ளித் தீவு, பூவரசன்பட்டி. தலையாரி என்றுகூட ஒன்று. ஊர்க்காவல் பார்க்கிற தலையாரிக்குள்ள அதே சொல். ஆள் புழங்காத இடத்துக்கு இப்படிப் பெயர் வராது. பெயர்ப் பட்டியலே ஒரு வேலைப் பட்டியலாக இருக்கிறது. அதை ‘ஆளில்லாத’ என்கிற ஒரே பெயரெச்சத்தால் அழித்துவிட முடிகிறது என்பதுதான் நிர்வாக மொழியின் பலம்.

கச்சத்தீவிலும் இதுவே நடந்தது. 1974இல் இரண்டு அரசாங்கங்கள் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டபோது அது யாரும் குடியிருக்காத இடமாகத்தான் பேசப்பட்டது. வலை உலர்த்துகிறவனும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவனும் குடியிருப்பவர்கள் இல்லையே.

ஆளில்லாமை என்கிற பார்வைக்கு அறிவியல் தந்த பங்கும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் என்ற பெயர் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலின் ஆசிரியர், கே.ரங்காச்சாரி உதவியோடு சாதி சாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்தவர். அவர் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக அதற்கு முன்பு செய்த வேலைகளில் ஒன்று மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றியும் ராமேசுவரத்தின் கடல் உயிரினங்கள் பற்றியும் எழுதியது. 1890களில் பவளத்தையும் கடற்பஞ்சையும் வகைப்படுத்திய அதே கை பிற்பாடு பரவரையும் பள்ளரையும் வகைப்படுத்தியிருக்கிறது. இரண்டும் எழும்பூரில் ஒரே கட்டடத்தின் அலமாரிகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. கடலடியில் மூச்சடக்கி அந்தப் பவளத்தையும் சங்கையும் எடுத்துக் கொடுத்தவன் ஒரு அலமாரியில் உதவியாளனாகவும் இல்லை. இன்னொரு அலமாரியில் மாதிரியாக இருக்கிறான். 1927இல் எஃப்.எச்.கிரேவ்லி பதிப்பித்த குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய அருங்காட்சியக வெளியீடு வந்தது. அதற்குப் பிறகு குருசடை ‘உயிரியலாளரின் சொர்க்கம்’ ஆகிவிட்டது.

எங்கள் திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படித்த யாரைக் கேட்டாலும் குருசடை என்றதும் பெலனோகிளாசஸ் என்பார்கள். முதுகெலும்புள்ளவைக்கும் இல்லாதவைக்கும் நடுவில் நிற்கிற ஒரு மணல் புழு. பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு கேள்வி நிச்சயம். நாங்கள் தமிழ்த்துறை மாணவர்கள் பூம்புகாருக்குப் போவோம். விலங்கியல்காரர்கள் மண்டபத்துக்குப் போய் நட்சத்திர மீனை ஃபார்மலினில் போட்டுக்கொண்டு வருவார்கள். இரண்டு துறையாரும் கடலுக்குப் போய் இறந்துபோன ஒன்றைத்தான் பார்த்துவிட்டு வந்தோம்.

சரி, அந்தத் தீவுகளில் யார்தான் இருந்தார்கள்? பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி என்று கரை நெடுகப் பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளுக்கு வத்தையில் போய் முங்கி முங்கி எடுப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசிக்கு நல்ல விலை. மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்கு அது போகும். 1986 வரைக்கும் இது தொழில். அதற்குப் பிறகு அத்துமீறல். சட்டப் புத்தகத்தில் ‘நுழைதல்’ என்கிற வினைச்சொல் வந்து உட்கார்ந்ததும் அன்றாடம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் நுழைகிறவள் ஆகிவிட்டாள். பையைப் பிடுங்குவது, அபராதம் போடுவது எல்லாம் அதன் பின்விளைவு.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்தித்தாக வேண்டும். பவளத்தை வெட்டினது யார், கரைக்காரர்கள்தானே? ஆமாம். வெட்டினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்றைக்குக் கடலுக்குள் போய்விட்டன. பல பத்தாண்டுகள் நடந்த பவள வெட்டு அதற்கு முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவு பெரும்பகுதியை இழந்து, அதைக் காப்பாற்றச் செயற்கைப் பவளத் திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டிவந்தது. வெடி போட்டு மீன் பிடித்ததையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் வெட்டிய பவளத்தைக் கரைக்காரன் வீட்டில் வைத்துக் கும்பிடவில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் போனது. வாங்கினவனுடைய பெயர் அழிவின் வரலாற்றில் கிடையாது, வெட்டினவன் பெயர்தான் இருக்கிறது. 1998, 2010, 2016 என்று வரிசையாகக் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போனதே, அதற்குக் காரணமான கரியில் பாசிப் பெண்ணின் பங்கு எவ்வளவு? அவள் வத்தைக்கு ஊற்றுகிற டீசல்தான்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கையால் பாசி எடுப்பது குற்றமாக இருந்த அதே காலத்தில், 2000ஆம் ஆண்டை ஒட்டி, கப்பாஃபைகஸ் என்கிற வெளிநாட்டுப் பாசியை மண்டபம் பக்கத்தில் மிதவைகளில் வளர்க்க அனுமதி கிடைத்தது. முன்னால் நின்றது பெப்சி கம்பெனி. மகளிர் சுயஉதவிக் குழுக்களை அதில் சேர்த்தார்கள். அதில் சிலருக்கு வருமானமும் வந்தது, அதை மறைக்க வேண்டாம். 2008இல் அந்தப் பாசி குருசடையின் உயிருள்ள பவளத்தின்மேல் ஏறிப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மதுரையைத் தாண்டாத பெண் அத்துமீறுகிறவள். தென்கிழக்காசியக் கடலிலிருந்து வந்த பாசி அழைப்பின்பேரில் வந்த விருந்தாளி. தூத்துக்குடியில் நடந்ததும் தெரிந்த கதைதான். 2010 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொன்னபோது, இந்தத் தீவுகளிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் அது இருப்பதும் ஒரு காரணமாக இருந்தது. 2013இல் உச்சநீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி ஆலையை ஓட விட்டது. 2018 மே மாதத்தில் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்த பிறகுதான் நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. தீவின் தூய்மை யாருக்கு எதிராக மட்டும் கறாராக இருக்கிறது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பாசிப் பெண்கள் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நானும் அவர்களை நாக்கறுந்த ஃப்ரைடே ஆக்கிவிடுவேன். அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள் என்று வைத்துக்கொண்டார்கள். மீன் இனப்பெருக்கக் காலத்தில் 45 நாள் யாரும் போவதில்லை. பாசி திரும்ப முளைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது அவர்களுடைய அடுத்த மாசச் சோறு. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தீவுப் பாதுகாப்புக்கான பரிசைக் கொடுத்தது. தீவைப் பாதுகாத்ததற்குப் பரிசு வாங்கினவள், தீவுக்குள் போனால் சட்டப்படி குற்றவாளி. இந்த முரணை எந்தக் கோட்பாட்டாளர் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு கச்சிதமாகச் சொல்ல முடியாது.

குருசடைக்கு நான் போனது சமீபத்தில்தான். பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால். 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் என்று நினைவு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து வனத்துறை ஏற்பாட்டில் சுற்றுலாப் படகு. விலங்கியல் வாத்தியாராக இருக்கும் நண்பர் ஒருவரும் கூட வந்தார். டிக்கெட், மிதவைச் சட்டை, பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது என்று எழுதினால் நானும் அந்த இலக்கணத்துக்குள் போய்விடுவேன், ஆனால் இருந்தது, என்ன செய்ய. கூட வந்த வழிகாட்டிப் பையன் பக்கத்துக் கிராமத்துக்காரன். பவளத்தின் பெயர்களை இங்கிலீஷில் மடமடவென்று சொன்னான். சங்கு, சிப்பி எதையும் எடுக்கக் கூடாது என்றான். நண்பர் பெலனோகிளாசஸைத் தேடிக் குனிந்துகொண்டே நடந்தார், அகப்படவில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன், “தம்பி, வீட்டுல பாசிக்குப் போறவங்க உண்டா?”

“அம்மா போறாங்க சார்.”

“இங்க வருவாங்களா?”

பையன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். “டூரிஸ்ட் வர்ற பக்கம் வர மாட்டாங்க.”

அவ்வளவுதான் பேச்சு. மேற்கொண்டு நான் கேட்கவில்லை. அவனுக்கு வேலை போய்விடக் கூடாது. ஒரே வீட்டில் மகனுக்குத் தீவு சம்பளம், அம்மாவுக்குத் தீவு அபராதம். பார்ப்பது அனுமதிக்கப்பட்டிருக்கிறது, தொடுவது தடுக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால் பாதிதான் சரி. பார்ப்பதற்குக் காசு கொடுக்க முடிகிறவனுக்குத் தீவு திறக்கிறது; தொட்டால்தான் பிழைப்பு என்கிறவளுக்கு மூடுகிறது. பாக் நீரிணைப் பக்கம் காரங்காட்டில் ஊர்க்காரர்களே சேர்ந்து அலையாத்திக் காட்டில் படகு விடுகிறார்கள், துடுப்புப் படகு கற்றுத்தருகிறார்கள். அங்கே பார்க்கிறவனும் பிழைக்கிறவனும் ஒரே கரையில் நிற்க வழி இருக்கிறது. அதைப் போய்ப் பார்த்து எழுதுவது பயனுள்ள வேலை.

இதையெல்லாம் கடலே இல்லாத திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு ஏன் பேச வேண்டும் என்று ஒரு தோழர் கேட்டார். எங்கள் சமவெளியில் ‘தீவுக்குப் போறது’ என்றால் ஒரு காலத்தில் வேறு அர்த்தம். கண்டிச் சீமைக்குப் போவது. பஞ்சம் வந்தால் கங்காணி பின்னால் போய், மண்டபம் முகாமில் அடைபட்டு, அம்மை, காலராச் சோதனையெல்லாம் முடிந்து, கப்பல் ஏறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அதே மண்டபம் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் கொடைக்கானல் மலையில் மறுபடி கூலிகளாகச் சிக்கினார்கள். இன்னும் சிலரை அந்தமானைத் தாண்டி நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றினார்கள். ஆக, இந்தச் சமவெளிக்காரன் தீவுகளை அறிந்தது கூலியாக. அவன் பேரப்பிள்ளை இப்போது அரசாங்க வேலையில் இருந்தால் எல்.டி.சி.யில் விமானம் ஏறி அந்தமானுக்குப் போகிறான். போகட்டும், சந்தோஷம்தான். ஆனால் ஜாரவா பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச்சொல்லிப் படம் எடுத்த வீடியோ 2012 ஜனவரியில் வெளிவந்தபோது, அந்தச் சாலையில் வரிசையில் நின்ற வண்டிகளில் இருந்தவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தான். கூலியின் பேரனுக்கு ஒரு டிக்கெட்டில் துரையின் கண் வந்துவிடுகிறது.

கடல் திண்டுக்கல்லுக்கு வராமலில்லை. அது இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று உப்பு. ஊரைச் சுற்றி அறுபதுக்கு மேற்பட்ட தோல்ஷாப்புகள் இயங்கியிருக்கின்றன. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடிக் கரையில் விளைவது. ஊறப்போட்டு அலசும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே போகும். பொன்மாந்துறை, குட்டியபட்டிப் பக்கத்துக் கிணறுகளில் அது இறங்கி, தென்னை கருகி, குடிக்க ஆகாமல் போய்ப் பல வருஷமாகிறது. அங்கே ஒரு கிணற்றுக்கு நல்லதண்ணி, இன்னொன்றுக்கு உப்புத்தண்ணி என்று பெயர் வைக்கிற வாய்ப்புக்கூட இல்லை. இன்னொரு வடிவம் கடல்பாசி. ரம்ஜான் மாதம் பேகம்பூரில் நோன்பு திறக்கும்போது தட்டில் ரோஸ் கலரில் ஆடிக்கொண்டிருக்குமே, அது. பாசியிலிருந்து எடுத்த அகர்தான் அது. அதே அகரில்தான் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கிறார்கள். தீவைப் போய்ப் பார்க்காதவனும் அதைத் தின்றுகொண்டும் பரிசோதித்துக்கொண்டும்தான் இருக்கிறான்.

டி.செல்வராஜின் ‘தோல்’ 2010இல் வந்தது. 2012இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்த திண்டுக்கல் தோல்ஷாப் தொழிலாளிகளும் அவர்கள் சங்கம் கட்டியதும் அதன் கதை. அடுத்த வருஷப் பரிசு தூத்துக்குடிக் கடல் தொழிலை எழுதிய ஜோ டி குரூஸின் ‘கொற்கை’க்கு. இரண்டையும் தொழிலாளர் நாவல், வட்டார நாவல் என்று தனித்தனி அறையில் வைத்து நம் விமர்சகர்கள் பேசிவிட்டார்கள். சூழலியல் எழுத்து என்று பட்டியல் போடும்போது இரண்டும் அதில் வருவதில்லை; பறவை பார்க்கிற நூல்கள் வருகின்றன. இயற்கை என்றால் போய்ப் பார்க்க வேண்டிய இடம், தோல்ஷாப்புத் தண்ணீர் இயற்கை அல்ல, அது ‘பிரச்சினை’. இந்தப் பாகுபாடு இலக்கிய விமர்சனத்துக்குள்ளும் ஓடுகிறது. ராமச்சந்திர குஹா 1989இல் அமெரிக்கக் காட்டுவழிபாட்டை விமர்சித்து எழுதிய கட்டுரையில், மனிதரை அப்புறப்படுத்திய காட்டைப் பாதுகாப்பு என்று ஏற்றுமதி செய்வது ஏழை நாடுகளில் ஏழைகளிடமிருந்து பணக்காரர்களுக்கு வளத்தை மாற்றும் வேலை என்று வாதிட்டார். அதோடு நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: பார்ப்பதற்கென்று சில இடங்களை ஒதுக்கி வைப்பதும் தீர்த்துக்கட்டுவதற்கென்று சில இடங்களை விட்டுவிடுவதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கங்கள். தீவும் தோல்ஷாப்பும் ஒரே வரைபடத்தில்தான் இருக்கின்றன. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து கொடைக்கானலில் பங்களா கட்டியபோதே எங்களுக்கு ஒரு தீவு உண்டாகிவிட்டது. அங்கே பளியர் இருந்தார்கள் என்பது, வழக்கம்போல, கணக்கில் வரவில்லை. 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் வேண்டும். பொன்மாந்துறைக்குப் போக இதுவரை யாரும் பாஸ் கேட்டதில்லை.

இதற்கு மாற்றாகத் திணைக் கோட்பாட்டைத் தூக்கிக்கொண்டு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. தமிழனுக்கு இயற்கையும் மனிதனும் வேறல்ல, நெய்தலைப் பார் என்பார்கள். தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் இவற்றோடு பறையும் தொழிலும் யாழும் இருக்கின்றன. தொழில் இல்லாத நிலம் அங்கே திணை ஆகாது. இது பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறது. பரதவர் உப்பு விற்கலாம், மீன் உணக்கலாம். பிறர் வீட்டு ஏவல் செய்கிறவளின் காதல் மட்டும் ஐந்திணைக்குள் வராது. அதனால் திணை என்கிற சொல்லை வைத்துப் பெருமை பேசிவிட்டு ஓய்ந்துபோகாமல், அதன் வெளியே நிறுத்தப்பட்டவளை உள்ளே கொண்டுவந்து படிக்க வேண்டியிருக்கிறது. பாசிப் பெண் எந்தத் திணையின் தலைவி என்று தமிழ்த்துறை ஆய்வேடுகளில் யாராவது கேட்டால் நல்லது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு இல்லை என்று அலைகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம், நான் உரிமை கோர மாட்டேன்.

இந்தக் கேள்வி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது என்பதால்தான் அவசரப்படுகிறேன். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று நாட்டில் இதுதான் முதல். சமவெளிக்கு நடுவே மேடு தட்டிக் கிடக்கும் அந்தக் குன்றுகளும் ஒருவகையில் தீவுகள்தான். ‘தேவாங்கு மாதிரி முழிக்காதே’ என்று பிள்ளைகளைத் திட்டியே வளர்த்த ஊர் இது. தாயத்து விற்கிறவன் அதைப் பிடித்துக் கூடையில் வைத்து வித்தை காட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராத்திரியில் பூச்சி பிடித்துத் தின்று வெள்ளாமைக்கு உதவுகிற அந்தச் சின்ன உயிருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அதே காட்டோரத்தில் அய்யலூர், வடமதுரைப் பக்கத்து ஊர்களில் ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். தேவாங்கைப் பிடிக்கக் கூடாது என்று அவர்களிடம் சொல்லியாகிவிட்டது. எந்த ஓடைவரைக்கும் ஆடு போகலாம், எந்த மாதம் போகக் கூடாது, அதை முடிவு செய்கிற கூட்டத்தில் மேய்க்கிறவள் உட்காருவாளா என்பதை இப்போதே கேட்க வேண்டும். முதல் டிக்கெட் கவுண்டரும் முதல் பயணக் கட்டுரையும் வருவதற்கு முன்னால்.